ரீகாவின் மூன்று நட்சத்திரங்கள்: சிற்பி கார்லிஸ் ஸாலேயும் இடிபடாமல் நின்ற ஒரு நினைவுச்சின்னமும்

2022 ஆகஸ்ட் 25 அன்று, லாத்வியாவின் தலைநகரான ரீகாவில், தௌகவா ஆற்றின் இடக்கரையில் நின்ற 79 மீட்டர் உயரத் தூபி இடித்துச் சாய்க்கப்பட்டது. தன் காலடியில் இருந்த குளத்துக்குள்ளேயே அது விழுந்தபோது எழுந்த நீர்ச்சுவரைப் பல நாட்டுத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை பெற்ற வெற்றியின் நினைவாக 1985இல் எழுப்பப்பட்ட தூபி அது. அதே நகரில், ஆற்றின் மறுகரையில், 1935இல் திறக்கப்பட்ட இன்னொரு சின்னத்தின் அடியில் இரண்டு படைவீரர்கள் அசையாமல் காவல் நிற்கிறார்கள். அதன் பெயர் விடுதலை நினைவுச்சின்னம். அதை வடித்தவர் கார்லிஸ் ஸாலே.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. ஒரே நகரம் ஒரு தூபியை இடித்துவிட்டு இன்னொன்றுக்குக் காவல் போடுவது ஏன்? அதைவிடக் கடினமானது இரண்டாவது கேள்வி: சோவியத் ஆட்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த ஒரு நாட்டில், 'தாய்நாட்டுக்கும் விடுதலைக்கும்' என்று பொறித்த சின்னம் எப்படி இடிபடாமல் தப்பியது? இரண்டாவதற்கான விடையில் பெரும்பகுதி அரசியலில் இருக்கிறது. ஒரு பகுதி, பலரும் கவனிக்காத பகுதி, அந்தச் சிற்பி கல்லை எப்படிக் கையாண்டார் என்பதில் இருக்கிறது.

தேவையான வரலாறு, சுருக்கமாக

1. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே இருக்கும் நாடு லாத்வியா. ரீகா 1710இல் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. நாட்டில் நிலம் பெரும்பாலும் ஜெர்மானியப் பிரபுக்களிடமும், ஆட்சி ரஷ்யரிடமும் இருந்தன. லாத்வியர்களில் மிகப் பெரும்பாலோர் குடியானவர்கள்.

2. 1905இல் பேரரசு முழுவதும் வெடித்த புரட்சி லாத்வியப் பகுதிகளில் குறிப்பாகக் கடுமையாக இருந்தது. 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, ரஷ்யப் படைக்குள்ளேயே லாத்வியத் துப்பாக்கி வீரர் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 1917க்குப் பிறகு இவர்களில் பெரும்பகுதியினர், லெனின் தலைமையிலான பொதுவுடைமைப் புரட்சியாளர்களான போல்ஷெவிக்குகளின் பக்கம் சென்றனர். மற்றவர்கள் தனிநாட்டுக்காகப் போரிட்டனர். இந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

3. 1918 நவம்பர் 18 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. 1919 நவம்பர் 11 அன்று, பெர்மொன்ட் என்பவர் தலைமையில் வந்த ஜெர்மானிய, ரஷ்யக் கூட்டுப்படை ரீகாவின் எல்லையிலிருந்து விரட்டப்பட்டது. 1920 ஆகஸ்ட் 11 அன்று சோவியத் ரஷ்யாவுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

4. 1940 ஜூனில் சோவியத் படை நாட்டைக் கைப்பற்றியது. 1941 கோடையில் ஜெர்மானியர் வந்தனர். 1944இல் சோவியத் படை திரும்பி வந்தது. விடுதலை மீண்டும் முழுமையாகக் கைகூடியது 1991 ஆகஸ்டில்.

உடையும் பொருளில் தொடங்கியவர்

ஸாலே 1888இல், இன்று லித்துவேனியாவில் இருக்கும் மஜெய்க்கெய் ஊரில் பிறந்து, லாத்வியத் துறைமுக நகரமான லியெபாயாவில் வளர்ந்தவர். கலைப் படிப்புக்குச் சென்றது ரஷ்யாவுக்கு: முதலில் கசான், பிறகு மாஸ்கோ, அதன்பின் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). அக்காலத்து ரஷ்ய ஆவணங்களில் அவர் பெயர் 'ஸாலித்' என்றே இருக்கும்.

1918 ஏப்ரலில் லெனின் ஒரு ஆணை பிறப்பித்தார். ஜார் மன்னர்களின் சிலைகளை அகற்றி, அந்த இடங்களில் புரட்சியாளர்களுக்கும் சிந்தனையாளர்களுக்கும் சிலைகளை உடனடியாக நிறுவ வேண்டும் என்பது அதன் சாரம். 'நினைவுச்சின்னப் பரப்புரைத் திட்டம்' என்று கலை வரலாற்றில் அழைக்கப்படுவது இதுதான். வேலை கிடைத்த இளம் சிற்பிகளில் ஸாலேயும் ஒருவர். ரஷ்ய விமர்சகர் தொப்ரல்யூபவுக்கும் இத்தாலியப் போராளி கரிபால்டிக்கும் பெத்ரோகிராதில் அவர் சிலை செய்தார். இன்னொரு லாத்வியரான தெயோதோர்ஸ் ஸால்கால்ன்ஸும் இதே திட்டத்தில் பணியாற்றினார். பெயர் ஒலிக்கும் விதத்தால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவோர் உண்டு.

பஞ்சமும் உள்நாட்டுப் போரும் நடந்த காலம். வெண்கலத்துக்கு வழியில்லாததால் அந்தச் சிலைகளில் பல பிளாஸ்டரிலும் பிற மலிவான பொருள்களிலும் செய்யப்பட்டன. பெத்ரோகிராதின் பனிக்கும் மழைக்கும் பிளாஸ்டர் எத்தனை நாள் தாங்கும்? திட்டத்தின் பெரும்பாலான சிலைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே உதிர்ந்தோ அகற்றப்பட்டோ மறைந்தன. ஸாலேயின் இரண்டும் இன்று இல்லை. தன் கையால் செய்த பொதுச் சிலைகள் கண்ணெதிரே கரைந்துபோவதை முப்பது வயதில் கண்ட ஒருவர், பிற்பாடு கல்லை நாடியது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

பெத்ரோகிராதிலிருந்து அவர் பெர்லினுக்குப் போனார். அங்கே இருந்த சூழல் வேறு. உருவங்களைக் கனசதுரம், உருளை, கூம்பு என்ற அடிப்படை வடிவங்களாகப் பிரித்துப் பார்க்கும் கியூபிசமும், சிற்பத்தைக் கட்டுமானமாகக் கருதும் கன்ஸ்ட்ரக்டிவிசமும் இளைஞர்களின் பேச்சாக இருந்தன. சக சிற்பி ஆர்னால்ட்ஸ் ஜிர்காலுடன் சேர்ந்து 1923இல் 'லைக்மெட்ஸ்' என்ற கலை இதழையும் ஸாலே கொண்டுவந்தார். அதே ஆண்டில் தாய்நாடு திரும்பிய அவரிடம் இரண்டு முதலீடுகள் இருந்தன: பொதுவெளியில் சிலை வைப்பதன் அரசியல் தெரியும், உருவத்தை வடிவக்கணிதமாகச் சுருக்கவும் தெரியும். போர்க்காலத்தை அப்போதுதான் தாண்டியிருந்த ஒரு புதிய குடியரசுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

சகோதரர் கல்லறை

ஸாலேயின் பெயரைச் சொன்னவுடன் விடுதலைச் சின்னம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சிற்பி என்ற முறையில் அவருடைய முதல் பெரும் பணியும், என் கணிப்பில் முழுமை கூடிய பணியும், ரீகாவின் வடபகுதியில் இருக்கும் சகோதரர் கல்லறைதான். 1915 இலையுதிர்காலத்தில் போரில் மடிந்த துப்பாக்கி வீரர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். பின்னர் விடுதலைப் போரில் இறந்தவர்களும் அங்கேயே கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 2000 வீரர்கள் துயிலும் இடம் அது.

1924இல் தொடங்கிய வேலை 1936இல் முடிந்தது. கட்டடக் கலைஞர்கள் அலெக்சாந்தர்ஸ் பிர்செனியெக்ஸ், பேதெரிஸ் ஃபெதெர்ஸ் ஆகியோரும், தோட்டக்கலை வல்லுநர் ஆந்திரெய்ஸ் ஸெய்தாக்ஸும் ஸாலேயுடன் இணைந்து உழைத்தனர். இங்கே ஒரு தனிச் சிலையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் முழு இடமுமே ஒரு சிற்பமாக அமைக்கப்பட்டிருக்கிறது. வாயிலில் குதிரைவீரர்கள். அதைக் கடந்தால் 205 மீட்டர் நீளத்துக்கு மரங்கள் அணிவகுத்த நடைபாதை. அதன் முடிவில் ஓர் உயர்ந்த மேடையில் அணையா நெருப்பு. அங்கிருந்து கீழே பார்த்தால் வரிசை வரிசையாகக் கல்லறைகள், அவற்றுக்கு அப்பால் ஒரு சுவர், சுவரின் மேல் தலைகுனிந்து நிற்கும் தாய் லாத்வியா. நடந்துதான் இதைப் பார்க்க முடியும். ஒரே புகைப்படத்துக்குள் அடக்க முடியாது.

இங்குள்ள ஒரு சிற்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 'காயமுற்ற குதிரைவீரன்' என்ற உருவத்தில், குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிகிறது. மேலிருப்பவனும் அதோடு சாய்கிறான். மற்ற நாடுகளின் போர்ச் சின்னங்களில் குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்வதுதான் வழக்கம். ஸாலே அதைத் தலைகீழாக்கினார். பிடரி, தசை, ஆடை எதையும் அவர் நுணுக்கிச் செதுக்கவில்லை. குதிரையும் வீரனும் ஒரே கல் திரளிலிருந்து பிரியாமல், பெரிய தளங்களாகவும் தடித்த விளிம்புகளாகவும் இருக்கின்றனர். தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் கை இல்லை, வாள் இல்லை. பெர்லினில் பயின்ற வடிவ ஒழுக்கம் இரங்கலுக்குப் பயன்பட்டிருக்கிறது.

நினைவுத்தூணுக்கு ஏழு ஆண்டு இழுபறி

விடுதலைக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று முடிவெடுத்தது பிரதமர் ஸிக்ஃப்ரீத்ஸ் மெயெரோவிட்ஸின் அரசு. 1922இல் நடந்த முதல் போட்டியில் 27 மீட்டர் உயரத் தூண் ஒன்று தேர்வானது. 57 கலைஞர்கள் எதிர்த்துக் கையெழுத்திட, அது கைவிடப்பட்டது. 1923இல் இரண்டாவது அறிவிப்பு, 1925இல் மூன்றாவது முயற்சி. இரண்டிலும் முடிவு எட்டப்படவில்லை. 1929 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடைசிப் போட்டியில்தான் 'விண்மீன் போல ஒளிர்வாய்' என்ற குறிப்புப் பெயரில் ஸாலே அனுப்பிய வடிவம் வென்றது.

கட்டடக் கலைஞர் எர்னெஸ்ட்ஸ் ஷ்டால்பெர்க்ஸ் அதைக் கட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1931 நவம்பர் 18 அன்று அடிக்கல். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1935 நவம்பர் 18 அன்று திறப்பு. அந்நாட்டு நாணயத்தில் 30 லட்சம் லாட்ஸுக்கும் மேல் ஆன செலவு பொதுமக்களின் நன்கொடையில் திரண்டது. உலகப் பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த ஆண்டுகள் அவை என்பதால் இந்தத் தொகைக்குத் தனிப் பொருள் உண்டு.

இடத்துக்கும் ஒரு கதை இருந்தது. ரீகா ரஷ்யாவின் கைக்கு வந்த 200ஆம் ஆண்டு நினைவாக, 1910இல் அதே இடத்தில் பேரரசர் பீட்டரின் குதிரைச் சிலை நிறுவப்பட்டிருந்தது. 1915இல் ஜெர்மானியர் நெருங்கியபோது அதைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கப்பல் வழியில் தாக்கப்பட்டுச் சிலையோடு மூழ்கியது. பேரரசர் நின்ற இடத்தில் குடியானவர்களின் நாடு தன் சின்னத்தை வைத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. சின்னம் திறக்கப்பட்டபோது லாத்வியாவில் நாடாளுமன்றம் இல்லை. 1934 மே 15 அன்று கார்லிஸ் உல்மானிஸ் ஆட்சியைக் கைப்பற்றி, கட்சிகளைத் தடை செய்திருந்தார். குடியாட்சியில் தொடங்கிய விடுதலைச் சின்னத்தைத் திறந்து வைத்தது ஒற்றை மனிதரின் அதிகாரத்தில் இருந்த அரசு.

சின்னத்தைக் கீழிருந்து மேலாக வாசிப்பது

சின்னத்தின் உயரம் 42 மீட்டர். அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போகும் கல் திரள்கள், அவற்றின் மேல் ஒரு தூண், தூணின் மேல் ஒரு பெண். மொத்தம் 56 உருவங்கள், 13 தொகுதிகள்.

1. அடித்தளம். வட்டமாகச் சூழ்ந்த கருங்கல் படிகள். கம்பி வலுவூட்டிய கான்கிரீட் உள்கூடு. வெளியே கருங்கல் போர்வை.

2. கீழ் அடுக்கு. இங்குள்ளவை பெரும்பாலும் உண்மை வரலாறும் அன்றாட வாழ்வும்: உழைப்பு, குடும்பம், நாட்டின் காவலர், அறிவுத்துறையினர். புடைப்புச் சிற்பங்களில் துப்பாக்கி வீரர்கள், பாடிச் செல்லும் மக்கள், 1905 புரட்சி, 1919இல் பெர்மொன்டின் படையோடு ரீகாவின் இரும்புப் பாலத்தில் நடந்த சண்டை.

3. மேல் அடுக்கு. இங்கே வரலாறு முடிந்து தொன்மம் தொடங்குகிறது. கரடியோடு மல்லுக்கு நிற்கும் லாச்ப்லேசிஸ், லாத்வியர்களின் காவிய நாயகன். அந்தக் காவியம் அச்சேறியதும் ஸாலே பிறந்ததும் ஒரே ஆண்டில். பக்கத்தில் பழஞ்சமயப் பூசாரியான வைதெலோதிஸ், லாத்வியா என்ற பெண்ணுருவம், தம்மைப் பிணைத்த சங்கிலியை அறுக்கும் 'விலங்கு முறிப்போர்'.

4. தூணும் உருவமும். 19 மீட்டர் உயரத் தூண் டிராவர்டைனால் ஆனது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஊற்றுநீர் படிந்து படிந்து உருவாகும், சிறு துளைகள் நிறைந்த வெளிர்நிறக் கல் அது. மேலே 9 மீட்டர் உயரச் செப்புப் பெண்ணுருவம். ஸாலேயின் மாதிரியைக் கொண்டு அதைச் செம்பில் வடித்தவர் சுவீடனின் ராக்னார் மிர்ஸ்மெடென். பெண்ணின் கைகளில் பொன்முலாம் பூசிய மூன்று நட்சத்திரங்கள்: குர்ஸெமே, விட்ஸெமே, லாட்கலே என்ற மூன்று வரலாற்றுப் பகுதிகள். நாட்டின் இலச்சினையிலும் இதே மூன்று நட்சத்திரங்கள் உண்டு. ரீகாவாசிகள் அந்தப் பெண்ணைச் செல்லமாக 'மில்டா' என்கிறார்கள்.

முகப்பில் உள்ள 'தாய்நாட்டுக்கும் விடுதலைக்கும்' என்ற வாசகம் எழுத்தாளர் கார்லிஸ் ஸ்கல்பேயுடையது.

விலங்கு முறிப்போர் தொகுதியின் முன் நின்று பார்த்தால் ஸாலேயின் முறை புலப்படும். சங்கிலியால் பிணைக்கப்பட்ட மூன்று ஆண்கள். தோளும் முதுகும் கல்லை உள்ளிருந்து தள்ளுவது போல விம்முகின்றன. முகங்களில் யாருடைய சாயலும் இல்லை. மன்னர், தளபதி, பிரதமர் எவரும் அந்தச் சின்னத்தில் எங்கும் இல்லை. திறப்பு விழா நடந்த ஆண்டில் ஐரோப்பாவெங்கும் தலைவர்களுக்குச் சிலை எழுந்துகொண்டிருந்தது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இடிக்காதது ஏன்

ஸாலே 1942 பிப்ரவரியில், ஜெர்மானிய ஆட்சிக் காலத்தில், இன்சுகால்ன்ஸில் இறந்தார். தான் வடித்த சகோதரர் கல்லறையிலேயே புதைக்கப்பட்டார். அவருடைய சின்னத்துக்கு வந்த பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதை அகற்றுவது பற்றிப் பேச்சு எழுந்தது. செயலாகவில்லை. காரணங்களை இப்படிப் பிரிக்கலாம்.

1. அஞ்சியது எதிர்ப்புக்கு. மக்கள் காசில் எழுந்த சின்னத்தை இடித்தால் அடங்கியிருக்கும் கோபம் கிளம்பும் என்ற கணக்கு இருந்திருக்கும். புகழ்பெற்ற சோவியத் சிற்பி வேரா முகினா ரீகாவில் பிறந்தவர். சின்னத்தின் கலைமதிப்பையும், அதை இடித்தால் லாத்வியரின் மனம் புண்படும் என்பதையும் அவர் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னதாக அவருடைய மகன் பின்னாளில் கூறினார். ஆவணச் சான்று இல்லாத நினைவுகூரல் என்ற அளவிலேயே இதை எடுத்துக்கொள்வது சரி.

2. சின்னத்தின் மொழி பொதுவானது. 1905 புரட்சி, விலங்கு முறிப்போர், உழைப்பாளர், துப்பாக்கி வீரர் ஆகிய நான்குமே சோவியத் வரலாறும் கொண்டாடிய உருவங்கள். போல்ஷெவிக்குகளோடு சேர்ந்த துப்பாக்கி வீரர்கள்தாம் லெனினுக்கே காவல் நின்றவர்கள். எனவே பொருளை மாற்றிச் சொல்வது இடிப்பதைவிடச் சுலபமாக இருந்தது: மூன்று நட்சத்திரங்கள் மூன்று பால்டிக் சோவியத் குடியரசுகள் என்றும், அவற்றை ஏந்தி நிற்பவள் தாய் ரஷ்யா என்றும் விளக்கம் பரப்பப்பட்டது. ஒரு தலைவரின் முகம் அங்கே இருந்திருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது. மறுநாளே கடப்பாரை வந்திருக்கும்.

3. மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. 1950இல் அதே சாலையில், சற்றுத் தள்ளி, லெனினுக்குச் சிலை வைத்தார்கள். மில்டா மேற்கே பார்க்கிறாள். லெனின் கிழக்கே பார்த்தார். சாலைக்கும் லெனின் பெயரே சூட்டப்பட்டது. சின்னத்தின் அடியில் பூ வைப்பது தண்டனைக்குரிய செயலாயிற்று.

இரண்டாவது காரணத்துக்கே நான் அதிக எடை தருவேன். குறியீடாக நிற்கும் உருவத்துக்குப் புதுப் பொருள் ஏற்ற முடியும் என்பது அதன் பலவீனம் போலத் தோன்றும். அந்தப் பலவீனமே அதைக் காப்பாற்றியது.

ஆனால் பழைய பொருள் வீடுகளுக்குள் மங்காமல் இருந்தது. 1941 ஜூன் 14 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தனர். அந்த நாளின் நினைவாக, 1987 ஜூன் 14 அன்று 'ஹெல்சின்கி-86' என்ற சிறு மனித உரிமைக் குழுவினர் வெளிப்படையாகச் சின்னத்துக்கு வந்து பூக்களை வைத்தனர், கூட்டம் திரண்டது. ஸாலே வளர்ந்த அதே லியெபாயாவில், தொழிலாளர்கள் தொடங்கிய குழு அது. நான்கு ஆண்டுகளில் லெனின் சிலை கீழே இறக்கப்பட்டது. 1940இல் நின்றுபோன படைவீரர் காவல் 1992 நவம்பர் 11 அன்று மீண்டும் தொடங்கியது.

இன்றைய விளைவுகள்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின், 2022 ஜூனில், சோவியத் ஆட்சியையும் நாஜி ஆட்சியையும் போற்றும் சின்னங்களைப் பொதுவெளியிலிருந்து அகற்றும் சட்டத்தை லாத்விய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன்படியே ஆற்றங்கரைத் தூபி விழுந்தது. நாட்டின் ரஷ்ய மொழிச் சமூகத்தில் பலருக்கு அது, சோவியத் வெற்றி நாளான மே 9 அன்று தம் குடும்பத்தில் இறந்தவர்களை நினைக்கும் இடம். லாத்வியர்களில் பலருக்கு, 1944இல் வந்தது விடுதலை என்று அறிவிக்கும் பொய். இருதரப்பு உணர்வும் உண்மையானது. சட்டம் ஒன்றைத்தான் ஏற்க முடிந்தது.

விடுதலைச் சின்னமும் சச்சரவுக்கு அப்பாற்பட்டதன்று. ஜெர்மானியரின் எஸ்எஸ் படையில் லாத்வியப் பிரிவில் இருந்தவர்களை நினைவுகூர்வோர் மார்ச் 16 அன்று அங்கே ஊர்வலமாக வருவதும், அதற்கு எதிர்ப்பு எழுவதும் வெளிநாட்டுச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாள்களில் ரும்புலா காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அண்மை ஆண்டுகளில் நவம்பர் 30 மாலையில், அவர்களுக்காக அதே சின்னத்தின் அடியில் மெழுகுவத்திகள் ஏற்றப்படுகின்றன.

அரசியல் இப்படியிருக்க, பராமரிப்பாளர்களின் கவலை வேறு: தண்ணீர். டிராவர்டைனின் துளைகளில் வாகனப் புகையின் கரி படிந்து கல் கறுக்கிறது, பாசி பிடிக்கிறது. உள்ளே இறங்கும் மழைநீர் கான்கிரீட்டில் விரிசலை உண்டாக்கி இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. குளிர்காலத்தில் அதே நீர் உறைந்து விரிந்து விரிசலைப் பெரிதாக்குகிறது. 1990இல் சின்னத்தை ஒட்டிய சாலைப்பகுதி நடப்போருக்கு மட்டும் என ஆக்கப்பட்டாலும், சுற்றியுள்ள சாலைகளில் போக்குவரத்து ஓய்வதில்லை. 1998 முதல் 2001 வரை நடந்த சீரமைப்பில் சில இடங்களில் பாலியூரித்தேன் என்ற செயற்கை நிரப்புப் பொருள் இடப்பட்டது. நட்சத்திரங்கள் மறுபடி பொன்முலாம் பெற்றன. கருங்கல் தொகுதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அடிக்கடி கழுவவும் அடைக்கவும் வேண்டியிருப்பது மேலே உள்ள வெளிர்நிறத் தூணைத்தான்.